பக்கி வண்டியும் முகாம் சாமானும்: வாசகர் கேள்வி – பதில்

பள்ளி விடுமுறை நெருங்குவதாலோ என்னவோ, இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பக்கி வண்டியின் (தென்னாப்பிரிக்காவில் பிக்அப் வண்டிக்கு நாம் சொல்லும் பெயர்) பின்தொட்டியை முகாமுக்கு ஏற்றபடி அமைத்துக்கொள்வது பற்றியே கேட்கின்றன. ஒரே பொருளைக் கேட்டவர்களைச் சேர்த்து, ஐந்து கடிதங்களுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

சாட்ஸ்வர்த் வாசகர்: புதிதாக டபுள் கேப் (இரண்டு வரிசை இருக்கை) பக்கி வாங்கியிருக்கிறோம். நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளுமாக டிராக்கன்ஸ்பர்க் மலைக்கும் செயின்ட் லூசியா பக்கமும் போய் வர ஆசை. கனோபி (தொட்டியை மூடும் கூண்டு), கூரைக் கூடாரம், இழுப்பறைகள், ஃபிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாகப் பொருத்தித் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். அளந்து பார்த்தேன்; எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. எதிலிருந்து தொடங்கலாம்?

இடம் இருக்கும், ஐயா. ஆனால் பக்கி வண்டியில் முதலில் தீர்ந்துபோவது இடமல்ல, எடைக்கான அனுமதிதான். கடைக்குப் போகுமுன் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் லைசென்ஸ் டிஸ்கைப் பாருங்கள். அதில் டேர் என்று ஓர் எண்ணும் ஜிவிஎம் என்று ஓர் எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். முன்னது வண்டியின் வெறும் எடை, பின்னது ஆட்களும் சாமானும் ஏறிய பிறகு வண்டி தாண்டக் கூடாத மொத்த எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குள்தான் நீங்கள் வாங்க நினைக்கும் அத்தனையும் அடங்க வேண்டும். டேர் எடையில் எரிபொருள் சேராது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. 80 லிட்டர் டீசல் ஏறத்தாழ 67 கிலோ.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டியின் ஜிவிஎம் 3,000 கிலோ, டேர் 2,100 கிலோ என்று வைத்துக்கொண்டால், ஏற்றக்கூடியது 900 கிலோ. டீசல் 67 கிலோ, நீங்கள் நால்வரும் 280 கிலோ. ஃபைபர் கனோபி 65, அதன்மேல் கம்பிச் சட்டம் 25, கூரைக் கூடாரம் 65. இழுப்பறைகள் காலியாக இருக்கும்போதே 75, ஃபிரிட்ஜும் அதில் உள்ள உணவும் 47, இரண்டாவது பேட்டரியும் அதன் பெட்டியும் 30, அறுபது லிட்டர் தண்ணீர் 60, எரிவாயு சிலிண்டர் 10. பக்கவாட்டு நிழற்கூரை 25, மேசை நாற்காலிகள் 35, கூடுதல் ஸ்டெப்னியும் ஜாக்கியும் கருவிகளும் 60. முன்னே மோதல் தாங்கும் புல் பாரும் பின்னே ட்ரெய்லர் இழுக்கும் டோ பாரும் மாட்டினால் 80, துணிமணி, படுக்கை, மளிகை 80. கூட்டினால் 1,004 கிலோ வருகிறது. அதாவது ஊதாரித்தனமாக ஒன்றும் வாங்காமலேயே நூறு கிலோவுக்கு மேல் எல்லையைத் தாண்டிவிட்டது. எல்லையைத் தாண்டிய வண்டி நிற்கத் தாமதமாகும், டயர் சூடேறும். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுப்பதற்கும் அது ஒரு காரணமாகலாம்.

எடையின் அளவைப் போலவே அது உட்காரும் இடமும் முக்கியம். டபுள் கேபில் ஆட்கள் அமரும் பகுதி நீளமாக இருப்பதால், பின்தொட்டியில் பாதிக்கு மேல் பின் ஆக்சிலுக்குப் பின்னால் தொங்குகிறது. பின்கதவை ஒட்டி ஃபிரிட்ஜையும் தண்ணீரையும் வைத்து, டோ பாரில் இரண்டாவது ஸ்டெப்னியையும் மாட்டினால், நெம்புகோலைப் போலப் பின்பக்கம் இறங்கி முன்பக்கம் தூக்கும், ஸ்டியரிங் இலேசாகிவிடும். வண்டி பின்னால் இறங்குகிறதே என்று லீஃப் ஸ்பிரிங்குக்கு மேல் காற்றுப்பை வைத்து நிமிர்த்துகிறவர்கள் உண்டு. அதைத்தான் நான் முழுமனதாக எதிர்க்கிறேன். ஸ்பிரிங் சேஸியை முன்னும் பின்னும் இரண்டு இடங்களில் பிடித்துக்கொள்கிறது. காற்றுப்பையோ நடுவில் ஒரே இடத்தில் சேஸியை மேலே தள்ளுகிறது. பின்னால் பாரம் கீழே அழுத்த, நடுவில் பை மேலே தள்ள, குண்டும் குழியுமான சாலையில் கேபினுக்கும் தொட்டிக்கும் இடையிலுள்ள பகுதியில் சேஸி வளைந்துபோன வண்டிகள் பல உண்டு. உயரத்தைச் சரிசெய்வதால் அனுமதி எடை ஒரு கிலோகூடக் கூடிவிடாது.

ஆகவே கனமானவை எல்லாம் தொட்டியின் முன்சுவரை ஒட்டி, தரைமட்டத்தில் இருக்கட்டும்: தண்ணீர், பேட்டரி, கருவிப்பெட்டி. படுக்கை, துணி, நாற்காலி போன்ற இலேசானவை பின்னாலும் மேலும் போகட்டும். கனோபியின்மேல் கூடாரம் வைப்பதானால், கனோபி தயாரித்தவர் ஓடும் வண்டிக்கு எத்தனை கிலோ அனுமதிக்கிறார் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நிற்கும் வண்டிக்குச் சொல்லும் எண் எப்போதும் பெரிதாக இருக்கும். அதைக் காட்டி விற்கிறவர்களும் இருக்கிறார்கள்.

எதைக் குறைப்பது என்று கேட்பீர்கள். என் விடை: இழுப்பறைகளை. 18 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை ஒன்றே, எட்டுக்கு நாலு அடி அளவில், முப்பது கிலோவைத் தாண்டும். அதற்கு மேல் இரும்பு ரெயில், தாழ்ப்பாள். தினமும் பின்கதவைத் திறந்து கருவி எடுக்கும் எலக்ட்ரீசியனுக்கு இழுப்பறை ஒரு வரம். வருடத்தில் சில வாரங்கள் மட்டும் வெளியே போகும் குடும்பத்துக்கு, இந்நாட்டு முகாம்களில் எங்கும் காணப்படும் அம்மோ பாக்ஸ் வகைப் பிளாஸ்டிக் பெட்டிகள் ஆறோ எட்டோ போதும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம், வீட்டிலேயே நிரப்பி வைக்கலாம், முகாமில் தூக்கிக் கொண்டுபோய் மரத்தடியில் வைக்கலாம், ஊர் திரும்பியதும் தொட்டி காலியாகிவிடும். தண்ணீரையும் குறைக்கலாம். மஹாய், இன்ஜிசுதி, கேப் விடல் போன்ற முகாம்களில் குழாய் இருக்கிறது. வழிக்கு இருபது லிட்டர் கேன் ஒன்று போதும். புல் பார் உங்களுக்கு எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

பெட்டிகளை ராட்செட் பட்டையால் (நெம்பி இறுக்கும் பட்டை) கட்டும்போது, வண்டியோடு வந்த இரும்பு வளையங்களிலேயே கொக்கியை மாட்டுங்கள். தொட்டிக்குள் பதித்த பிளாஸ்டிக் லைனரில் திருகிய கொக்கி முதல் அவசர பிரேக்கிலேயே பிடுங்கிக்கொள்ளும். புதிதாகத் துளையிட வேண்டியிருந்தால், வண்டிக்கு அடியில் படுத்து, டீசல் தொட்டியும் பிரேக் குழாயும் எங்கே போகின்றன என்று பார்த்த பிறகே துளையிடுங்கள். தொட்டியின் தகடு மெல்லியது. போல்ட்டுக்கு அடியில் அகலமான இரும்புத் தட்டு வைக்காவிட்டால் தகடு கிழியும். எல்லாம் ஏற்றி, ஆட்களும் ஏறிய பின், பழைய இரும்புக் கிடங்கிலோ கல் குவாரியிலோ உள்ள எடைமேடையில் கேட்டுக்கொண்டு ஒருமுறை எடை பாருங்கள். முழு வண்டியையும் எடை பார்த்த பிறகு, பின்சக்கரங்களை மட்டும் மேடையில் வைத்து இன்னொரு முறை எடை பார்ப்பது நல்லது. பின் ஆக்சிலுக்கெனத் தனி எல்லை உண்டு. அது உற்பத்தியாளரின் தகட்டில் இருக்கும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்: தொட்டியில் 40 லிட்டர் ஃபிரிட்ஜும் 105 ஆம்பியர்-மணி டீப் சைக்கிள் (மெதுவாக நெடுநேரம் மின்சாரம் தரும்) பேட்டரியும் வைத்திருக்கிறேன். ஒரே இரவில் ஃபிரிட்ஜ் நின்றுவிடுகிறது. வண்டி ஓடும்போது பேட்டரி ஏறத்தானே வேண்டும்? பேட்டரி பழுதா?

பேட்டரியைச் சந்தேகிக்குமுன் கம்பியைச் சந்தேகியுங்கள். கனோபிக்குள் வெயில் அடிக்கும் நாளில் உங்கள் அளவு ஃபிரிட்ஜ் 30 முதல் 45 ஆம்பியர்-மணி வரை இழுக்கும். ஈய-அமில வகைப் பேட்டரியில் பாதியைத் தாண்டி இறக்கினால் அதன் ஆயுள் குறையும் என்பதால், உங்கள் 105-இல் பயன்படுத்தத் தக்கது ஏறத்தாழ ஐம்பதே. ஆகவே முழுதாக ஏறிய பேட்டரி ஒரு நாளுக்குச் சரியாகப் போதும். ஒரே இரவில் நிற்கிறது என்றால் அது முழுதாக ஏறவில்லை என்றுதான் பொருள்.

காரணம் இரண்டு இருக்கலாம். புதிய டீசல் வண்டிகள் பலவற்றில் பேட்டரியை ஏற்றும் ஆல்டர்னேட்டரை வண்டியின் கம்ப்யூட்டர் ஆள்கிறது. முன்பேட்டரி நிறைந்ததும் எரிபொருளை மிச்சப்படுத்த மின்னழுத்தத்தைக் குறைத்துவிடும். பின்பேட்டரி நிறைய 14.4 வோல்ட் அளவு வேண்டும். அங்கே போய்ச் சேருவதோ 13-ஐ ஒட்டியதுதான். இத்தகைய வண்டியில் வெறும் ரிலே (தானியங்கி சுவிட்ச்) வைத்து இரண்டு பேட்டரிகளை இணைப்பது பயன்படாது. பின்பேட்டரிக்குப் பக்கத்தில் டிசி-டிசி சார்ஜர் வைத்தால், வரும் மின்னழுத்தம் இப்படிக் குறைந்தாலும் அது உயர்த்திக் கொடுக்கும்.

இரண்டாவது, கம்பியின் தடிப்பு. பானெட்டிலிருந்து பின்தொட்டிக்கு ஆறு மீட்டர், திரும்பி வரும் வழியும் சேர்த்துப் பன்னிரண்டு. 25 ஆம்பியர் ஓடும்போது 6 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியில் ஏறத்தாழ 0.9 வோல்ட் வழியிலேயே போய்விடும். 16 சதுர மில்லிமீட்டர் கம்பியில் அது 0.33 வோல்ட்தான். கடையில் கம்பி கேட்கும்போது ஆம்பியர் சொல்லிக் கேட்காதீர்கள், சதுர மில்லிமீட்டர் சொல்லிக் கேளுங்கள். இரண்டு பேட்டரிகளின் பக்கத்திலும், கம்பி தொடங்கும் இடத்திலேயே, தனித்தனி ஃபியூஸ் வேண்டும். ஒரு முனையில் மட்டும் ஃபியூஸ் வைத்தால், நடுவில் கம்பி உரசிச் சேஸியில் பட்டபோது மறுமுனைப் பேட்டரி நெருப்பு மூட்டிவிடும்.

லித்தியத்துக்கு மாறலாமா என்றும் பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். எடை பாதியாகும், கொள்ளளவில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் பயன்படுத்தலாம். பணம் இருந்தால் மாறுங்கள். ஆனால் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே அதை ஏற்றக் கூடாது. நீங்கள் ஜூலையில் டிராக்கன்ஸ்பர்க் போகிறவர். அங்கே விடிகாலையில் தண்ணீர் உறையும். குளிர் காலத்தில் தானே ஏற்றத்தை நிறுத்திக்கொள்ளும் கட்டுப்பாடு அந்தப் பேட்டரியில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். நம் குளிர்காலத்தில் வானம் தெளிவாக இருப்பதால் 120 வாட் சூரியத் தகடு ஒன்று நாளுக்கு 35 ஆம்பியர்-மணி அளவு தந்துவிடும். அதைக் கூரையில் ஒட்டாமல் நீளக் கம்பியோடு தனியாக வைத்திருந்தால், வண்டி நிழலிலும் தகடு வெயிலிலும் நிற்கும்.

டொங்காட் வாசகி: செப்டம்பர் விடுமுறை பெரும்பாலும் புரட்டாசியில் வந்துவிடுகிறது. நான் விரதம்; என் வீட்டுக்காரரும் மைத்துனரும் தூண்டில் போடக் கிளம்பிவிடுவார்கள். ஒரே தொட்டிக்குள் என் சமையல் பாத்திரமும் அவர்களுடைய இரைப் பெட்டியும் இருந்தால் எப்படி? அடுப்பை எங்கே வைப்பது?

அம்மா, உங்கள் குறையில் முழு நியாயம் இருக்கிறது. விரதம் இல்லாதவர்களுக்கும் இது தேவையான ஏற்பாடுதான். உருகிய சார்டின் மீனின் நீர் அரிசிப் பெட்டிக்கு அடியில் ஓடுவதை யாரும் விரும்பமாட்டார்கள். தொட்டியை நீளவாக்கில் இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் சமையல், வலப்பக்கம் தூண்டில் என்று வைத்து, நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பை, கீழ் விளிம்பில் ரப்பர் பட்டையோடு, நிறுத்தச் சொல்லுங்கள். இரை ஃபிரிட்ஜுக்குள் வரவே கூடாது. தனி ஐஸ் பெட்டியில், பின்கதவுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். அதன் நீர் கதவு இடுக்கு வழியாகவே வெளியேறிவிடும்.

உங்கள் பக்கத்தில், பின்கதவைத் திறந்ததும் கைக்கு எட்டும் இடத்தில் ஒரே ஒரு பெட்டி வேண்டும். தேநீர்ப் பாத்திரம், தீப்பெட்டி, கத்தி, உப்பு, மிளகாய்த்தூள், எண்ணெய், ஒரு கரண்டி அதில் இருந்தால், வழியில் நிறுத்தும்போது மற்ற எதையும் இறக்க வேண்டியதில்லை. பருப்பு, அரிசி, மசாலா எல்லாம் வேறு பெட்டியில் இருக்கட்டும். கீழே இறக்கிய பின்கதவையே மேசையாக்கிக் காய் நறுக்கலாம்; அடுப்பை மட்டும் அங்கே வைக்காதீர்கள். கனோபியின் கண்ணாடிக் கதவு சரியாக அதற்கு மேலே நிற்கிறது, நிழற்கூரைத் துணியும் பக்கத்திலேயே தொங்குகிறது.

எரிவாயு விஷயத்தில் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே எழுந்து ஜன்னல் வழியே போய்விடாது. தொட்டியின் தரையில் தேங்கி நிற்கும். அதே தொட்டியில் ஃபிரிட்ஜின் கம்ப்ரசரும் பேட்டரி இணைப்புகளும் இருக்கின்றன. ஒரு பொறி போதும். சிலிண்டரை நிமிர்த்தி, அசையாமல் கட்டி, ரெகுலேட்டரைக் கழற்றி, வால்வை இறுக மூடிக் கொண்டுபோக வேண்டும். தொட்டியின் அடிமட்டத்தில் காற்று வெளியேறும் துளை இருப்பது அவசியம். லைனரின் வடிகால் துளைகளைச் சாமானால் அடைத்துவிடாதீர்கள். முடிந்தால் சிலிண்டரைத் தொட்டிக்கு வெளியே, பக்கச் சட்டத்தில் மாட்டிவிடுவதே மேல்.

கேப் விடல் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே குரங்குகள் உங்கள் அப்பளத்தை உங்களுக்கு முன்பே கண்டுபிடித்துவிடும். கனோபிக் கதவைத் திறந்து வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போகாதீர்கள். கொண்டியை வெறுமனே சாத்துவது போதாது, பூட்ட வேண்டும்.

ஃபீனிக்ஸ் வாசகர்: எனக்கு மீன்பிடிப்பதுதான் பொழுதுபோக்கு. பதினான்கு அடித் தூண்டில் கழிகள் இருக்கின்றன. கழிகளையும் வைத்துக்கொண்டு, கூடாரம் இல்லாமல் கனோபிக்குள்ளேயே படுத்துக்கொள்ள முடியுமா? டபுள் கேப் வாங்கவா, சிங்கிள் கேப் வாங்கவா?

உங்களுக்குச் சிங்கிள் கேப். டபுள் கேபின் தொட்டி ஒன்றரை மீட்டர் சுமார். சிறுபிள்ளைதான் காலை நீட்டிப் படுக்கலாம். சிங்கிள் கேபில் 2.3 மீட்டர் அளவு கிடைக்கிறது. பதினான்கு அடிக் கழியை இரண்டாகப் பிரித்தால் ஒரு துண்டு 2.13 மீட்டர், அதுவும் உள்ளேயே அடங்கிவிடும். கனோபியின் உட்கூரையை ஒட்டி இரண்டு பிவிசி குழாய்களை நீளவாக்கில் மாட்டிக் கழிகளை அவற்றுள் செருகிவிட்டால், கீழே முழுத் தரையும் உங்களுக்கு. வெளியே கூரையில் மாட்டுவதானால் இரு முனையும் பூட்டும் குழாயாக இருக்கட்டும். டர்பன் கடற்கரை வண்டி நிறுத்தங்களில் பூட்டாத கழி நிலைப்பதில்லை.

படுக்கும் மேடையைச் சக்கர மேடுகளின் உயரத்துக்கு மேல் கட்டினால் முழு அகலமும் கிடைக்கும், அடியில் பெட்டிகள் தள்ளலாம். ஆனால் எழுந்து உட்காரும்போது தலை கனோபியில் முட்டும். கட்டுமுன் மெத்தையின் தடிப்பையும் சேர்த்து, உட்கார்ந்த நிலையில் உங்கள் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். மேடைப் பலகையில் கைவிட்டுத் தூக்கும் துளைகள் வைத்து மூன்று துண்டாகச் செய்தால், இரவில் ஒரு பொருளுக்காக முழுப் படுக்கையையும் புரட்ட வேண்டியிருக்காது. இரு பக்க ஜன்னல்களையும் வலை வைத்துச் சிறிது திறந்தே வையுங்கள். குளிருகிறது என்று இறைச்சி வாட்டும் பிராய் அடுப்பின் கரி மிஞ்சிய சட்டியையோ வாயு ஹீட்டரையோ உள்ளே எடுத்துச் செல்லவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போகும்.

கடலுக்குப் போகும் வண்டியில் இன்னொரு சங்கடம் துரு. அலுமினியச் சட்டத்தில் ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டு உப்புக்காற்றில் விட்டால், அரிப்பது போல்ட் அல்ல, அலுமினியம். இரண்டுக்கும் இடையில் நைலான் வாஷர் வையுங்கள். ஊர் திரும்பிய அன்றே தொட்டியையும் வண்டியின் அடிப்பக்கத்தையும் நல்ல தண்ணீரால் அடித்துக் கழுவுங்கள். ஷாட் மீனுக்காகவே வண்டி வாங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். அக்டோபர், நவம்பர் இரண்டு மாதமும் அதைப் பிடிக்கத் தடை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மேடை கட்டும் வேலையை அப்போது வைத்துக்கொள்ளலாம்.

லெனேசியா வாசகர்: கல்கலாகடி பாலைவனப் பூங்கா போய் வந்தோம். கனோபி புதியது, ரப்பரும் புதியது. ஆனாலும் தொட்டி முழுவதும் செம்மண் புழுதி. எதை மாற்றுவது?

கனோபியில் குறையில்லை. ஓடும் வண்டியின் முதுகுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, புழுதி அங்கே சுழன்று நிற்கிறது. தொட்டிக்குள்ளும் அழுத்தம் குறைந்தால், பின்கதவின் கீல் இடுக்குகள் வழியாக அது உள்ளே உறிஞ்சப்படுகிறது. பின்கதவின் நான்கு பக்கமும், குறிப்பாக அடிவிளிம்பிலும் இரு மூலைகளிலும், இதற்கென விற்கும் ரப்பர் பட்டையை ஒட்டுங்கள். அதோடு கனோபிக் கூரையின் முன்பகுதியில், முன்னோக்கித் திறக்கும் வடிகட்டியுள்ள காற்றுத்துளை ஒன்று பொருத்தச் சொல்லுங்கள். புழுதி அதிகம் எட்டாத உயரத்திலிருந்து காற்று உள்ளே நுழைந்து அழுத்தத்தைக் கூட்டுவதால், இடுக்குகளில் காற்று வெளியேதான் போகும். ரப்பர் மட்டும் வைத்தால் பாதிப் பயன்தான், இரண்டும் வேண்டும். மழையில் துளையை மூட மறக்காதீர்கள்.

அலையலையான மண்சாலையில் டயர் காற்றைக் குறைப்பது பெட்டிகளுக்கும் நல்லது, உங்கள் முதுகுக்கும் நல்லது. ஆனால் காற்றைக் குறைத்தால் வேகத்தையும் குறைக்க வேண்டும். பாரம் நிறைந்த வண்டியில் காற்றுக் குறைந்த டயர் வேகமாக ஓடினால் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கும். தார்ச்சாலை ஏறுமுன் மீண்டும் காற்றடிக்கச் சிறிய கம்ப்ரசர் ஒன்றைத் தொட்டியின் அடியில் புதைக்காமல், பின்கதவுக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.